இரண்டாவது கியர்

லாபிஸுக்கு வெளியே செம்பனை ஆலை.
எடைமேடையில் கிராணி வேலை, இரவு ஷிப்ட்.
ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவே
சில சமயம் ஏழு நிமிடம்,
மழை பிடித்தால் நாற்பது.
நாவல் எழுத எனக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

பாதி வாக்கியத்தில் எழுந்து போவது
முதல் வருடம் எரிச்சலாக இருந்தது.
இப்போது ஹார்ன் அடிக்காவிட்டாலும்
பாதியில்தான் நிறுத்துகிறேன்.
திரும்பி வந்து உட்காரும்போது
வினைச்சொல் ஒன்று
கதவைப் பிடித்தபடி காத்திருக்கும்.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை.
கெட்டுப்போன எடைச்சீட்டுகளின் பின்பக்கம்,
உள்ளங்கை அகலம்.
நிலா இதுவரை ஒரு சீட்டிலும் உதிக்கவில்லை,
இடம் போதாது.

கிரேடர் ரொஸ்லான் டார்ச் அடித்து
குலைகளைப் புரட்டுவார்.
காம்பு நீளமாக விட்டு வெட்டிய குலைக்கு
ஆலை காசைப் பிடித்துக்கொள்ளும்.
காம்புக்கு எடை உண்டு, எண்ணெய் கிடையாது.
அதைக் கேட்ட இரவில்
என் முதல் கதையை எடுத்துப் பார்த்தேன்.
'சோகமான', 'மெல்லிய', 'இனம்புரியாத'...
வெட்ட வெட்ட
குலையே இல்லை அங்கே.

சரி, அது பழைய கதை.
நாவலில், ஒன்பதாம் அத்தியாயத்தில்,
ஒரு லோரிக்காரனைக் கொன்றேன்.
மழை, பாலத்துக்கு முந்தின வளைவு,
பதினெட்டு டன் பாரம், மூன்றாவது கியர்.
எழுதி முடித்து மேசையில் தலை வைத்து அழுதேன்.
அழுகை வந்ததால்
நன்றாக வந்திருக்கிறது என்று நம்பினேன்.

அந்தச் சீட்டு
எப்படியோ அஞ்சப்பன் அண்ணனின் பில்லோடு
கிளிப்பில் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து
கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.
"இது நாந்தானே?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பேரை ரெங்கப்பன் ஆக்கியிருந்தேன்,
பிளேட் நம்பரில் ஓர் எண்ணை மாற்றியிருந்தேன்.
டாஷ்போர்டு எலுமிச்சம்பழத்தை
மாற்ற மறந்துவிட்டேன்.

"சாவடிச்சது பரவால்ல கிராணியம்மா.
அந்த கோர்னர்ல எவன் மூணுல போவான்?
பாரத்தோட ரெண்டுலதான் எறங்கணும்.
படிக்கிற லோரிக்காரன் சிரிப்பான்."

லோரிக்காரர்கள் படிப்பார்கள் என்று
அதுவரை நான் நினைத்ததே இல்லை.

மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினேன்.
ஓர் எண்தானே.
வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைத்தது,
வளைவைத் திரும்பியது,
சிக்னல் போட்டுப் பாலத்தைத் தாண்டியது.
அவன் சாகவில்லை.

இன்னொரு விதமாகக் கொல்லப் பார்த்தேன்.
பிரேக் ஆயிலை ஒழுக விட்டேன்,
எதிரே ஒரு மாட்டை நிறுத்தினேன்.
ஒவ்வொரு முறையும்
அஞ்சப்பன் அண்ணன் கண்ணாடிக்கு வெளியே நின்று
சிரிப்பது தெரிந்தது.

பின்னால் நாற்பத்திரண்டு சீட்டுகள் இருந்தன.
விதவை, சொக்சோ பணம், இரண்டு மகள்கள்,
மச்சானோடு ஒரு சண்டை.
அந்தச் சண்டை நிஜமாகவே நன்றாக வந்திருந்தது.
ரப்பர் பேண்டு போட்டு இழுப்பறையில் வைத்தேன்.
ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.
சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்றார் கணவர்.
உன் கியரைப் பார் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

இப்போதெல்லாம் எதையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.
மழையில் வைப்பர் அறுந்தால் என்ன செய்வீர்கள்?
தூக்கம் வந்தால் எதை மெல்வீர்கள்?
கேட்டதில் பத்தில் ஒன்றுகூட கதைக்குள் போகாது.
மிச்ச ஒன்பதும்
வெளியே நின்று காவல் காக்கும்.

மணி மூன்று நாற்பது.
ஒன்பதாம் அத்தியாயம், மறுபடியும்.
ரெங்கப்பன் ஒட்டுக்கடையில் வண்டியை நிறுத்தி
கோப்பி ஓ சொல்லியிருக்கிறான்.
செத்தவனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
உயிரோடு இருப்பவனுக்கு என்ன வேண்டுமென்று
ஒரு சீட்டளவுகூடத் தெரியவில்லை.
சட்டைப்பையிலிருந்து போனை எடுக்கிறான்,
வீட்டு நம்பர் இல்லை அது,
கட்டைவிரல் பச்சைப் பொத்தான் மேல்,
இந்த நேரத்தில் யாரை இவன்

ஹார்ன்.